மூன்றாம் வருஷத்து மண்

கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு நிலத்தை இரண்டு மழைக்கு உழாமல் போட்டால் போதும், சீமைக்கருவேலம் ஏறிவிடும். அப்புறம் முள் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களைத் தவிர யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். என் சித்தி வாக்கப்பட்ட ஊரில் அப்படிக் கிடந்த 40 சென்ட் காட்டைத்தான் மகளிர் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து காய்கறித் தோட்டமாக்கினார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த நிலம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. நூறு நாள் வேலை, மிளகாய்ப்பழம் பறிக்கிற கூலி, கரிமூட்டம், இவற்றில்தான் வருஷம் ஓடும்.

நிலத்துக்காரர் வெளியூர்வாசி. முள்ளை வேரோடு எடுத்துத் தந்தால் சரி, என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எழுத்து எதுவும் இல்லை. வாய்ச்சொல்தான். வெட்டிய விறகை விற்ற காசு, வேர் பறித்த இயந்திரத்தின் வாடகைக்கே சரியாகப் போயிற்று.

முள் போன பிறகு தெரிந்த மண்ணைப் பார்த்து எனக்கே மனசு விட்டுப்போனது. நனைந்தால் காலைப் பிடிக்கிற களி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்கு ஆட்டுக்கிடை போடுவது என்று முடிவு செய்து, ஆடு மேய்க்கிற ஒரு கீதாரியைப் பிடித்தார்கள். ராத்திரி ஆடுகள் அடைந்த இடத்தை விடிந்ததும் உழுதுவிட வேண்டும். புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் காய்ந்தால் சத்தில் பாதி காற்றோடு போய்விடும். அந்த வருஷம் கொத்தவரையும் தண்டங்கீரையும் ஏதோ பேருக்கு வந்தன.

ஆடிப்பட்டம் என்று மற்ற ஊர்களில் சொன்னாலும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய இந்தச் சீமையில் புரட்டாசியில்தான் விதை மண்ணைத் தொடும். இரண்டாம் வருஷம் புரட்டாசியில் அவர்கள் விதைத்தது காய்கறியே இல்லை. சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பை, கொத்தமல்லி எல்லாம் கலந்த பலதானிய விதைப்பு. ஐம்பது நாள் வாக்கில், பூவெடுக்கும் சமயம், அத்தனையையும் மடக்கி உழவேண்டும். அன்றைக்குக் குழுவில் மூத்த அப்பத்தா ஏருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, மொளச்சு நிக்கிற பயிர மடக்கி உழுறதுக்கா விதச்சோம்? பாவம் புடிக்கும்."

"இந்த வருசம் மண்ணு திங்கட்டும் அயித்தை. அடுத்த வருசம் நாம திம்போம்" என்றாள் சித்தி.

பசியில் வளர்ந்த ஒரு தலைமுறை, உளுந்துச் செடி மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியம் கிடையாது. அப்பத்தா வரப்பில் உட்கார்ந்து அழுதே விட்டார். அந்த அழுகையில் நியாயம் இருந்ததென்றே இன்றும் நினைக்கிறேன்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இந்த வறண்ட மண்ணை அறிந்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்தவர், விலை கொடுத்து வாங்கும் உரமும் மருந்தும் மானாவாரி விவசாயிக்குக் கட்டாது என்று கண்டு அந்த வேலையையே விட்டார். இந்தப் பெண்களுக்கும் இயற்கை விவசாயம் கொள்கையாக வரவில்லை. உரக்கடையில் கடன் சொல்ல முடியாது என்ற நிலைமையிலிருந்து வந்தது. ஒருத்தி வீட்டு நாட்டுமாட்டுச் சாணமும் மூத்திரமும், கொஞ்சம் வெல்லமும் தண்ணீரில் கரைந்து ஒருநாள் ஊறினால் அமுதக்கரைசல். பூச்சிக்கு வேம்பும் நொச்சியும் எருக்கும் இருக்கவே இருந்தன.

மூன்றாம் வருஷம் தை மாதம் நான் போயிருந்தபோது கத்தரிப் பாத்தியில் கையை வைத்தேன். விரல்கள் தடையில்லாமல் இறங்கின. கறுத்த, பொலபொலவென்ற மண். செடிக்கடியில் மண்புழு தள்ளிய சின்னச் சின்னக் குருணைகள். பழைய கிணற்றைத் தூர்வாரி இறைக்கிற தண்ணீர் மாசிவரைக்கும்தான் தாங்கும். முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்ட பாத்தி இப்போது மூன்று நாள் பொறுத்தது. பீர்க்கும் புடலையும் பந்தலில், வெண்டை வரிசையில், வேலியோரம் சுரைக்கொடி.

சாயங்காலம் சாக்கை விரித்துக் கூறு போட்டார்கள். பன்னிரண்டு கூறு. கூறு போடுகிறவள் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அதனால் எந்தக் கூறும் ஒரு கத்தரிக்காய்கூட இளைக்காது. பிள்ளை பெற்று மூன்று மாதமான ஒருத்தியின் கூறில் மட்டும் கேட்காமலே இன்னொரு கட்டு அரைக்கீரை விழுந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ரசமும் துவையலுமாகவே ஓடிய வீடுகளில் அந்தக் கீரைக்கட்டின் மதிப்பு சந்தை விலையில் தெரியாது.

அந்த மாசியில்தான் நிலத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. நிலம் நல்லபடியாக ஆகிவிட்டதாம், விற்கப் போகிறாராம். பறிக்கிறதைப் பறித்துக்கொண்டு சித்திரைக்குள் விட்டுவிடச் சொன்னார்.

விதையை முந்தானையில் முடிந்து எடுத்துப் போகலாம். மூன்று வருஷம் கிடை போட்டு, பயிரை மடக்கி, அழுது ஆக்கிய மண்ணை எப்படி எடுத்துப் போவது? மண் தேற மூன்று வருஷமாவது கேட்கிறது. அவர்களுக்குக் கிடைக்கிற வாக்குறுதியோ அடுத்த போன் வரும்வரைதான். இந்தக் கணக்குச் சரியாகாமல், பெண்களுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தும், எத்தனை விதைப் பொட்டலம் கொடுத்தும் பலன் நிலத்துக்காரருக்குத்தான் போய்ச் சேரும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி நாட்டில் சாகுபடி நிலத்தை நடத்துகிறவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். களை எடுக்கிற கைகளை எண்ணினால் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இதை அன்றே கண்டவர். 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, பெண்கள் பெயரில்தான் பத்திரம் எழுத வேண்டும் என்று நின்றார். கேரளத்தில் அரசின் குடும்பஸ்ரீத் திட்டப் பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். அங்கே ஆய்வு செய்த பொருளியலாளர் பினா அகர்வால், ஹெக்டேருக்கு அந்தக் குழுக்களின் விளைச்சல் மதிப்பு தனிக் குடும்பப் பண்ணைகளைப்போல 1.8 மடங்கு என்று கண்டார். கூட்டு வேலை உருப்படாது என்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஊராட்சியின் தரிசுப் புறம்போக்கு கொஞ்சம் ஊருக்குக் கிழக்கே கிடக்கிறது, முள் மண்டி. அதைக் குழுவின் பெயருக்குப் பத்து வருஷக் குத்தகையாக எழுத்தில் கேட்டு, மே 1 கிராம சபையில் மனுக் கொடுத்தார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். மரம் வைக்கிற உரிமையும் வேண்டுமென்று எழுதச் சொன்னாள் சித்தி. பழைய நிலத்தில் வேலியோரம் ஒரு முருங்கைப் போத்து ஊன்றக்கூட அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை. மரம் வேர் பிடித்தால் பாத்தியதை கேட்பார்களோ என்று நிலத்துக்காரருக்குப் பயம். "மரம் வைக்க விடலைன்னா அந்த எடமும் வேணாம்னு சேர்த்து எழுது" என்றார் அப்பத்தா. எழுதினேன். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.