எண்ணிக்கையில் ஒருவர்

கடந்த ஆண்டு தவக்காலத்தில், நம் பாட்டனாரின் தங்கைக்கு நற்கருணை கொண்டு சென்றோம். வயது தொண்ணூற்று நான்கு. பார்வை மங்கிற்றேயன்றி நினைவு மங்கவில்லை. செபம் முடிந்ததும் நம் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, எங்க அண்ணன் செத்துட்டாரா, இருக்காரா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த அண்ணன் இரண்டாம் உலகப்போரில் இந்தியப் பீரங்கிப் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்கா சென்றவர். 1942இல் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. மகன் திரும்புவான் என்று நம்பிய தாயார், அவருக்காக ஒரு பூசைகூட வைக்க விடவில்லை. உயிரோடிருப்பவருக்காக வேண்டுவதா, மரித்தவருக்காக வேண்டுவதா என்று அறியாமலே தங்கை முதுமை எய்திவிட்டார்.

பெட்டியிலிருந்த பழைய கடிதவுறை ஒன்றில் 'இரண்டாம் இந்தியக் களப் பீரங்கிப் படைப்பிரிவு' என்ற முகவரி இருந்தது. போர்க்காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அந்நகரில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் அப்பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்.

இலத்தீனில் எழுதிய பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் படித்துப் பழகிய நமக்கு இது எளிதென எண்ணினோம். ஆனால் அதிகாரி ஒருவர் பென்சிலால் விரைந்து கிறுக்கிய ஆங்கிலம் நம்மைத் திணறச் செய்தது. 'ஓ.பி.' என்று கண்டதும் மருத்துவமனை என்றே கொண்டோம். பல நாள் கழித்தே, பகைவரைக் கண்டு பீரங்கிகளுக்கு இலக்கு கூறும் கண்காணிப்பு நிலையம் அது எனத் தெளிந்தோம்.

1942 மே 27 விடியற்காலையில், லிபியப் பாலைவனத்துப் பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே, மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடை இத்தாலிய, ஜெர்மன் டாங்கிகள் தாக்கின. நம்மவரின் படைப்பிரிவு 25 பவுண்டர் பீரங்கிகளால் எதிர்த்தது. சில மணி நேரத்தில் அரண் வீழ்ந்தது. டாக்டர் சுப்பராயனின் மகனும் 1966இல் இந்தியத் தரைப்படைத் தலைவரானவருமாகிய குமாரமங்கலம் அன்று காட்டிய தீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார். எழுபது வயது ஆங்கிலக் கடற்படைத் தளபதி கோவன் அங்கே சிறைப்பட்டதையும் வரலாற்று நூல்கள் பெயருடன் குறிக்கின்றன. நாம் தேடியவரின் பெயரோ குறிப்பேட்டில் எங்கும் இல்லை. அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர், ஏனையோர் 'ஓ.ஆர்.', அதாவது 'மற்ற நிலையினர்'. அவ்வெழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண், அவ்வளவே.

முதலில் சினம் கொண்டோம். பிறகு நம்மையே நொந்துகொண்டோம். ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்குத் திருமுழுக்கு இத்தனை, அடக்கம் இத்தனை என்று நாமும் எண்களைத்தானே அனுப்புகிறோம்!

தேடல் அத்துடன் முடியவில்லை. அன்று கைதான இந்தியரில் ஏறக்குறைய 600 பேரைப் பகைவரே பாலைவனத்தில் விட்டுவிட்டனர். அவர்கள் தாகத்தால் தளர்ந்து, பிரெஞ்சுப் படை காத்து நின்ற பீர் ஹக்கீமை அடைந்தனர். அவர்களுள் நம்மவரும் இருந்தாரோ? எகிப்தின் எல் அலமெயின் நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 8500க்கும் மேற்பட்ட தரைப்படை வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பட்டியலையும் பார்த்தோம். புனித சவேரியாரின் பெயர் தாங்கியவர் நம்மவர். அப்பெயர் இல்லாத வீடு நம் ஊரிலேயே அரிது; தகப்பன் பெயரும் ஊரும் இன்றி, இவரே அவர் என்று எப்படித் துணிவது?

மீண்டும் அப்பாட்டியாரிடம் சென்றபோது, 'இறந்துவிட்டார்' என்று சொல்லி அவர் மனத்தை அமைதிப்படுத்திவிட நா எழுந்தது. ஆயினும் அறியாததை அறிந்ததாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. உள்ளதை உள்ளபடியே கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அந்த எண்ணிக்கையில எங்க அண்ணனும் ஒருத்தர்தானே சாமி? அப்ப எல்லாருக்கும் சேர்த்து ஒரு பூசை வைங்க" என்றார்.

கல்லறைத் திருநாளன்று அவ்வாறே திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டில் கேட்கப்படாத வேண்டுதல் அன்று கேட்கப்பட்டது.

அன்புக் குடும்பத்தாரே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். அவற்றின் பின்புறத்தில் பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் இன்றே எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர் உங்களோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.