கறுத்த முகத்துக்கு ஒளி வைப்பது

பல்கலைக்கழகத்தில் ஒளிப்படக் கலையின் இடைநிலைப் பாடம், கேமராவின் தானியங்கி அமைப்பை மாணவர் கைவிடும் இடத்தில் தொடங்குகிறது. துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் முதல் செமஸ்டரிலேயே கைக்கு வந்திருக்கும். அதற்கு அடுத்து வருவன ஒளியை அளந்து முடிவெடுப்பது, ரா கோப்பிலிருந்து படத்தை உருவாக்குவது, நிறம் கெடாமல் அதைத் திரையிலிருந்து தாளுக்குக் கொண்டுபோவது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவற்றைக் கற்பிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. ஷா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்புப் பள்ளி, அது இன்னும் கல்விக்கழகமாக இருந்த 1967இலேயே தொடங்கியது. சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படைப்பு ஊடகத்துக்கென்றே ஒரு புலம் உண்டு. ஆனால் இந்தப் பாடம் தமிழ் முகங்களின்மேல் நாள்தோறும் சோதிக்கப்படும் இடங்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கின்றன. ஜாலான் துன் சம்பந்தனையும் ஜாலான் தெங்கு கிளானாவையும் ஒட்டிய ஸ்டூடியோக்கள், கல்யாண மண்டபங்கள், கோயில் வாசல்கள் ஆகியவையே அவை.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டைதான் அதற்கு அளவுகோல். வெளிறிய ஐரோப்பியத் தோல் அந்த அட்டையைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு, வெளிச்சமானது. மாநிறம் அட்டைக்குப் பக்கத்தில் நிற்கும். நன்கு கறுத்த தோல் ஒரு ஸ்டாப் கீழே இறங்கும். ஆகவே கறுத்த முகம் சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் மானி அதை வெளிறடிக்கும். அதே முகம் விசாப் படத்தின் வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் இருந்தால், மானி வெள்ளையை அடக்கப் பார்க்கும். முகம் இருட்டில் மூழ்கும். ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை இதற்குப் பழைய விடை. முகத்தை மட்டும் அளந்து, அது எந்தப் படியில் விழவேண்டும் என்பதை எடுப்பவரே தீர்மானிக்கும் முறை அது.

சார்பு மானியோடு நிற்கவில்லை. ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வழங்கிய மாதிரி அட்டையில் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். முதலில் படத்துக்கு நின்றவரின் பெயரால் அது ஷர்லி அட்டை எனப்பட்டது. அந்த ஒரு தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று பொருள். பழுப்பின் நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்துக்காட்டும்படி படச்சுருள் பின்னாளில் திருத்தப்பட்டதற்கு, சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்களின் புகார்களும் காரணமாயின என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் எழுதினார். கோடிக்கணக்கான மனித முகங்களால் ஆகாதது சாக்லேட்டால் ஆயிற்று என்பதை இந்தப் பாடத்தைப் படிக்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் அறிந்திருக்க வேண்டும். சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த 10 படிகள் கொண்ட தோல்நிற அளவுகோலைக் கூகுள் 2022இல்தான் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது.

இந்தப் பாடத்தின் கடினமான தேர்வு மணவறையில் நடக்கிறது. அரக்குக் கூறைச்சேலை, தங்க நகை, மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டி, அக்னியின் ஆரஞ்சு, பின்னால் ஊதா எல்இடி விளக்குகள். இவற்றுக்கு நடுவில் வியர்வை அரும்பிய இரண்டு கறுத்த முகங்கள். அனுபவம் உள்ளவர் சடங்கு தொடங்குமுன் மணமகளின் கன்னத்தை ஸ்பாட் முறையில் அளந்து, அமைப்பைக் கையால் பூட்டிவிடுவார். கெட்டிமேளம் முழங்கும்போது அவர் மானியைப் பார்ப்பதில்லை. தாலி முடிச்சின்மேல் குனிந்த மூன்று தலைகளுக்கு இடையில் ஓர் இடைவெளி கிடைக்குமா என்பதுதான் அப்போது அவர் கவலை. மென்பெட்டி (சாஃப்ட்பாக்ஸ்) மாட்டிய பிளாஷ் விளக்கைக் கம்பில் உயர்த்திப் பிடித்தபடி உதவியாளர் பக்கவாட்டில் நகர்வார். மண்டபக் கூரை உயரமாக இருக்கும்போது மேலே அடித்துத் திருப்பும் ஒளி முகம்வரை வந்து சேராது.

விளக்கு ஏன் பக்கத்தில் வரவேண்டும் என்பதை ஸ்டூடியோக்காரர்கள் கையால் அறிந்திருக்கிறார்கள். வகுப்பறை அதற்கு இயற்பியலைத் தருகிறது. தோலுக்குள் புகுந்து சிதறித் திரும்பும் ஒளியைத்தான் மெலனின் உறிஞ்சுகிறது. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு, எந்த நிறத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கறுத்த தோலில் முதலாவது குறைவு என்பதால் இரண்டாவது தூக்கித் தெரியும். நேர் எதிரே நின்று அடிக்கும் சிறிய பிளாஷ் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளிகளை வைத்துவிட்டு மற்ற இடத்தைத் தட்டையாக்கும். பெரிய மென்பெட்டியைப் பக்கவாட்டில், முகத்துக்கு நெருக்கமாக வைத்தால் அதே பளபளப்பு அகலமாகப் பரவி, கன்ன எலும்பும் தாடையும் உருண்டு எழும். கறுத்த தோலுக்கு இருக்கும் இந்தச் சிற்ப அழகை வெளிறிய தோலில் பெறுவது கடினம். கூடுதல் ஒளியைக் கொட்டுவதால் இது வருவதில்லை, ஒளி வரும் கோணத்தால் வருகிறது.

தைப்பூசம் இந்த வட்டார மாணவர்களுக்குக் கிடைத்திருக்கும் திறந்தவெளி வகுப்பு. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டுப் பத்துமலை செல்கிறது. தெருவிளக்கின் மஞ்சளில் வெள்ளித்தகடு கண்ணைக் கூச, இழுத்துச் செல்வோர் நிழலுருக்களாகிறார்கள். விடிந்தபின் 272 படிகளில் நேர்வெயில். படியேறிக் குகைக்குள் நுழைந்ததும் பல ஸ்டாப் இருட்டு. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையில் கடினம் இன்னும் நெருங்கி வருகிறது: ஒரே சட்டத்தில் உச்சியில் வெளிர்மஞ்சள், அதற்குக் கீழே கறுத்த நெற்றி. சந்தனத்தின் விரல் தடங்கள் கரையாத அளவுக்கு மட்டும் ஒளியை ஏற்றி, முகத்தைப் பின்னர் ரா கோப்பில் உயர்த்துவதே வழி. அலகு குத்தி அருள்நிலையில் இருப்பவரின் கண்ணெதிரே பிளாஷ் அடிப்பது கூடாது. படத்தைவிட நேர்த்திக்கடன் பெரியது.

முகத்தை அப்படி ரா கோப்பில் உயர்த்துவதற்கும் எல்லை உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உள்ளன. ஜேபெக்கில் நிறத்துக்கு 256 மட்டுமே. அந்த 16,384இல் பாதி, அதாவது 8,192, மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடும். அடுத்ததற்கு 4,096 எனப் பாதி பாதியாகக் குறைந்து, ஐந்தாவது ஸ்டாப்பில் மிஞ்சுவது 512. உணரிக்கு வந்த ஒளியே அங்கே குறைவு. இருட்டில் விழுந்த முகத்தைக் கணினியில் தூக்கும்போது கன்னத்தில் வண்ணப் புள்ளிகள் தோன்றுவது அதனால்தான்.

அந்தப் புள்ளிகளை மறைக்கத் தோலை மழுப்புவதும், மழுப்பியதை வெளுப்பாக்குவதும் அடுத்தடுத்து நடக்கின்றன. ஆல்பம் வடிவமைப்பில் பரவியிருக்கும் வெளுப்பாக்கும் பழக்கத்துக்கு நிறத்தைப் பற்றிய நம் சமூகத்தின் நோய் முதல் காரணம். எடுக்கும்போதே குறைந்துபோன ஒளி இரண்டாவது. வாடிக்கையாளரே கேட்கிறார் என்ற பதில் உண்மைதான். ஆனால் ஒளி சரியாக அமைந்த படத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காதவர் வேறு எதைக் கேட்பார்? இடைநிலைப் பாடம் கற்பிக்கும் திருத்தம் வேறு வகை. பருவையும் வியர்வைப் பளபளப்பையும் மட்டும் தொட்டு, தோலின் துளைகளையும் நிறத்தையும் விட்டுவைப்பது. அச்சு மை எண்களில் பார்த்தால் நம் தோலில் மஞ்சள் மெஜந்தாவைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். வெளிறிய தோலுக்குச் சொல்லப்படுவதைவிட சையான் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தச் சையானை உருவி எடுப்பதே வெளுப்பாக்கும் வேலையின் சாரம். முகம் செம்மண் நிறத்துக்குப் போவது அதனால்.

கடைசிக் கட்டம் அச்சு. 12க்கு 36 அங்குல ஆல்பம் விரிப்புக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 10,800க்கு 3,600 புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் நீளப்பக்கம் 6,000 மட்டுமே. விரிப்பு முழுவதும் ஒரே படமாக நின்றால் அங்குலத்துக்கு 167தான் கிடைக்கும். கைநீளத்தில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது ஓரளவு போதும். புள்ளிக் கணக்கைவிடப் பெரிய ஆபத்து திரையின் வெளிச்சம். கடைத் திரை பளீரென்று இருந்தால் அதில் சரியாகத் தெரிந்த முகம் தாளில் கறுத்து விழும். அதிலும் நிழல்பக்கக் கன்னமும் கூந்தலும் முதலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் திரையைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா அளவுக்கு இறக்கி அளவீடு செய்து, ஆய்வகத்தின் தாளுக்குரிய ஐசிசி விவரக்கோப்பை ஏற்றி, மணமகளின் முகத்தை மட்டும் ஒரு சிறு துண்டாக முதலில் அச்சிட்டுப் பார்க்கிறார்கள். காதோரம் கூந்தல் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று அந்தத் துண்டில் பிரிந்து தெரிந்தால், மற்றப் பக்கங்கள் அச்சுக்குப் போகும்.