துணைக்கு ஒருத்தி

உதவி என்றதும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. கையில் ஒன்றுமில்லையே என்று பலர் ஒதுங்கிவிடுகிறோம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பணிக்குப் போகும் கிராமமொன்றில், பெண்கள் கந்தோருக்குத் தனியே போவதில்லை. 2009இல் எல்லாவற்றையும் இழந்தவர்கள் அவர்கள். காணிப் பிரச்சினையோ, காணாமற்போன கணவர் பற்றிய விசாரணையோ, ஒருத்திக்கு அழைப்பு வந்தால் அயலவள் துணைக்குப் போவாள். இன்னொருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் சில கடிதங்கள் சிங்களத்தில் மட்டுமே வருகின்றன. சிங்களம் தெரிந்தவள் அதை வாசித்து விளங்கப்படுத்துவாள்.

துணைக்குப் போனவள், "உள்ளே என்ன கேட்டவை?" என்று துருவிக் கேட்பதில்லை. தெரிந்ததையும் ஊரில் கதைப்பதில்லை. பழைய துயரத்தையெல்லாம் மறுபடி சொல்லிவிட்டு வெளியே வருபவளுக்கு, வாங்கில் ஒருத்தி காத்திருப்பதே பெரிய ஆறுதல்.

சகோதரிகளே, இதற்கு ஒரு நாள்தான் செலவாகும். ஆனால் கூலிவேலை செய்பவளுக்கு அது ஒரு நாள் சம்பளம். அது தெரிந்தும் அவள் போகிறாள். நாளை அவளுக்கு அழைப்பு வந்தால், துணைக்கு நாங்கள் போகவேண்டும்.