முன்னால் நின்ற பூஜ்யம்

எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் மல்லிகை மணக்கும். என் தாயார் சந்தையிலிருந்து உதிரிப்பூ வாங்கி வந்து தெருப் பெண்களிடம் கொடுப்பார். அவர்கள் கட்டித் தருவார்கள். சனிக்கிழமை மாலை முழக் கணக்குப்படி கூலி. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெயரையும் முழத்தையும் கேட்டுக் கூலியைச் சொல்லும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பழைய மடிக்கணினியில் எழுதிவிட்டேன்.

அதை நான் அசட்டையாக எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எண் கேட்கும் இடத்தில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் தட்டுவார்கள் என்று ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாஷ் ஷெல்லோ பரம சாது. கணக்குப் போடும் இடத்தில் வெறும் எழுத்துகளைக் கொடுத்தால் அது கோபித்துக்கொள்ளாது. ஏதோ ஒரு மாறியின் பெயர் என்று எண்ணிக்கொள்ளும்; அப்படியொரு மாறி இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடும். ஒரு பெண்ணின் வாரக் கூலியே இப்படி மறைந்துவிடலாம் அல்லவா? ஆகவே, தட்டியது முழுவதும் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள்தானா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடியும் கேட்கும்படி ஒரு காவல் போட்டேன். இனி ஓர் ஈ கூட நுழைய முடியாது என்று தோழியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை வந்தது. அம்மாவின் நோட்டில் நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டங்கள். எந்தக் கட்டத்தையும் அவர் காலியாக விடமாட்டார். விட்டால் பின்னால் யாராவது ஓர் எண்ணைச் சேர்த்துவிடலாம் என்ற பயம். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு 060 என்று இருந்தது. அப்படியே தட்டினேன். அடுத்தவருக்கு 035. அதற்கும் அடுத்தவருக்கு 080; அப்போது மட்டும் திரையில் ஏதோ பிழைச் செய்தி வந்தது. விரல் தவறிவிட்டது போலும் என்று 80 எனத் தட்டினேன். ஒழுங்காக வந்தது. அந்தச் செய்தியை நின்று படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது!

பெரியம்மா பணத்தை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மறுநாள் காலையில் வந்து, என்னிடம் அல்ல, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மிசின்ல போட்ட கணக்கு, படிச்ச பொண்ணு போட்டது, தப்பா இருக்காது. நாந்தான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேனோ என்னவோ." சொல்லிக்கொண்டே ஒரு நூலை நீட்டினார். பத்து முழத்திற்கு ஒரு முடிச்சு. அதில் ஆறு முடிச்சுகள் இருந்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கொடுத்தது நாற்பத்தெட்டு முழத்திற்கான கூலி. பன்னிரண்டு முழத்துக் காசை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் தம் விரலையும் நூலையும் சந்தேகித்து என் படிப்பை அவர் நம்பினாரே, அதற்கு என்ன செய்வது?

முன்னால் பூஜ்யம் நின்றால், அந்த எண் எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்டது என்று பாஷ் எடுத்துக்கொள்கிறது. ஆறெட்டு நாற்பத்தெட்டு. 035 என்பது 29. எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. ஆகையால்தான் 080 மட்டும் முரண்டு பிடித்தது. இது பழைய வழக்கம். 1969இல் யுனிக்ஸ் பிறந்த பி.டி.பி-7 கணினியில் ஒரு சொல்லுக்கு 18 பிட்டுகள். அவற்றை மும்மூன்றாகப் பிரித்து எழுத எட்டின் அடிமானம் வசதி. கென் தாம்சனின் பி மொழியிலும், அதன் வழிவந்த டென்னிஸ் ரிட்சியின் சி மொழியிலும் இதே வழக்கம்தான். 1989இல் வெளிவந்த பாஷும் அதை ஏற்றுக்கொண்டது. பெல் ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட பூஜ்யம் எங்கள் திண்ணைக்கு வந்து பெரியம்மாவின் கூலியில் கைவைத்துவிட்டது!

எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்தால் பத்தின் அடிமானத்திலேயே படிக்கும். சேர்த்தேன். ஒரு வாரத்தில் 300 முழத்திற்கு மேல் யாரும் கட்ட முடியாது என்பதால் அந்த எல்லையையும் வைத்தேன். "பைத்தானில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பாய்" என்றாள் தோழி. 060 என்று தட்டினால் பைத்தானின் இன்ட் அதை 60 என்றே படிக்கும் என்பது உண்மைதான். ௬௦ என்று தமிழ் இலக்கத்தில் தட்டினாலும் 60 என்று ஏற்றுக்கொள்கிறது. அதில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஆனால் அரை முழக் கணக்குக்காக ஃப்ளோட் வைத்தோமோ, 'எண்ணல்ல' என்று பொருள்படும் என்.ஏ.என். என்ற மூன்றெழுத்தையும் எண்ணாக உள்ளே விட்டுவிடும். 0க்குக் குறைவா? இல்லை. 300க்கு அதிகமா? இல்லை. இரண்டு காவலையும் தாண்டி நடந்து போய்விடும். தோழிக்கு அதைச் செய்து காட்டினேன்.

அன்றே இருவர் வீட்டுக்கும் போய் மீதியைக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை 070 என்று தட்டியதும், "70 முழம், சரியா?" என்று ஸ்கிரிப்ட் திருப்பிக் கேட்டது. அதை உரக்கப் படித்தேன். பெரியம்மா முந்தானையிலிருந்து நூலை எடுத்தார். ஏழாவது முடிச்சு அவர் விரலில் படும்வரை நான் என்டரை அழுத்தவில்லை.