சிங்கராஜவில் இரண்டு இரவுகள்

சிங்கராஜ வனத்தின் குடாவ வாயிலுக்கு அண்மையில், மண்சுவர்களால் அமைந்த சிறு விடுதியொன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசியும் ஊமையாகிவிட்டது. லாந்தர் ஒளியில் சோறும் பலாக்காய்க் கறியும். பின்னர் கித்துள் கருப்பட்டியைக் கடித்தபடி பிளேன்ரீ. இரவு முழுதும் தவளைகளின் கச்சேரி.

காலையில், காலுறைகளில் அட்டைகள் ஏற ஏற, வழிகாட்டியின் பின்னே நடந்தேன். காட்டுப் பாதைக்கு இத்தனை அகலம் எதற்கென்று கேட்டேன்.

"மரம் ஏற்றிய லொறிகள் போன பாதை, மாத்தயா. என் அப்பாவும் அப்போது மரம் தறித்தவர்தான்" என்றார் சிங்களத்தில்.

ஒட்டுப்பலகைக்காக 1970களின் தொடக்கத்தில் இங்கு மரங்கள் தறிக்கப்பட்டன. இயற்கை ஆர்வலர்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது.

தந்தை தறித்த காட்டில், தப்பிய மரங்களைக் காட்டி மகன் பிழைக்கிறார். காட்டைக் காத்தால் ஊரவர் வயிறு காயும் என்ற வாதத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது; வனத்தின் விளிம்பில் வாழ்வோருக்கு வீதியும் வைத்தியசாலையும் வேண்டும். ஆயினும், தறித்த இடங்களில் அரை நூற்றாண்டு கழிந்தும் மரங்கள் மெலிந்தே நிற்கின்றன. தறிக்க ஒரு நாள் போதும். வளர்வதற்கு ஒரு மனித ஆயுளும் போதாது.