சேம அச்சு

பண்டை நாளில் உப்பு வணிகராகிய உமணர், தம் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் கட்டிச் செல்வர். மேடுபள்ளமான வழியில் ஓர் அச்சு முறிந்தால் மற்றது கைகொடுக்கும். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அவ்வச்சுக்கு ஒப்பிட்டது புறநானூற்றின் 102ஆம் பாடலில். அப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் மனம் மரக்காணத்து உப்பளங்களுக்கே சென்றுவிடும்.

அங்கே நம் தமையனார் அம்பாசிடர் டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறார். அத்தா விட்டுச் சென்ற சொத்து அஃதொன்றே. எட்டுப் பேருக்குச் சோறு போடுவதும் அதுவே. ஒரு மழைக்காலத்தில் அது நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட்டில் விரிசல். இன்ஜெக்‌ஷன் பம்ப்பும் தேய்ந்துபோயிற்று. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டதன்றோ? சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் பொருந்தும் ஹெட் கிடைக்கவில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்றனர் பலர்.

உப்பளத்து ஓரம் அதே வகைக் கார் ஒன்று கிடந்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் வீசிய பின் அது நகரவே இல்லை. உரிமையாளர் காலமாகிவிட்டார். உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈரம் படிந்த இரும்பு துருவாகும். கருவாட்டைக் காக்கும் அதே உப்பு, அக்காரின் அடித்தகட்டைச் சல்லடையாக்கியிருந்தது. ஆயினும் மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துச் சொன்னார்: “வெளியதான் போச்சு பாய், உள்ள போகல.” பழைய எண்ணெய்ப் படலம் உள்ளுறுப்புகளைக் காத்திருந்தது.

“எடைக்குப் போட மனசு வரல தம்பி, நீங்க எடுத்துக்குங்க” என்றார் அவ்வீட்டு அம்மையார். இலவசமாகப் பெற அண்ணன் இசையவில்லை. பாதி விலையும், அவர் கண் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கு மாதம் ஒருமுறை அழைத்துச் செல்வதும் என முடிவாயிற்று.

இறுகிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்ற மூன்று நாள் ஆயின. நாம் விளக்குப் பிடித்தோம். ஹெட், பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியன தேறின. பட்டைவில்லும் சைலன்சரும் தேறவில்லை. எஞ்சின் எண் பொறித்த பிளாக்கைத் தொடவில்லை; எனவே பதிவுச் சான்றிதழுக்கும் இடரில்லை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. அழுத்தத்தால் கொதிப்பேறிய காற்றில் எண்ணெய் நுண்துளியாய்ப் பாயும்போது தானே பற்றும். பாயும் நொடி பிறழ்ந்தால் உயிரில்லை. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கி, சாவியைத் திருப்பினார் அண்ணன். மூன்றாம் முறை கரும்புகை கக்கி எஞ்சின் உறுமியது. அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே! நம் முன்னோர் நூல்களைக் காத்ததும் இவ்வாறே. 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமும், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்தவர்களே. ஓர் ஏட்டில் செல்லரித்த அடியை மற்றோர் ஏடு தந்தது. சிதைந்தது எதுவாயினும், எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.