பெட்ரோலுக்கேற்ற பொறி

எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தியது பெங்களூரில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று. 2030க்கென்று வைத்திருந்த இருபது சதவீத எத்தனால் இலக்கை 2025லேயே எட்டியும் விட்டார்கள். பத்திலிருந்து இருபதுக்கு ஏறிய அந்த ஆண்டுகளில் பங்க்கில் கிடைத்த பெட்ரோல் ஒரே மாதிரி இருக்கவில்லை. "டர்போ வண்டிக்காரங்க படுற பாட்டைப் பார்க்கணும்னா வாங்க" என்று நண்பர் பெங்களூர் வில்சன் கார்டன் பக்கம் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

பட்டறைக்காரருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். சிறு வயதிலேயே ஜே.சி. ரோட்டில் மாமாவிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். அப்போது வந்ததெல்லாம் அம்பாசிடரும் பியட்டும். பொறி விழும் நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்திக் கையால் இம்மி திருப்பி, மேடேறும்போது எஞ்சின் 'டிக்டிக்' என்கிறதா என்று கேட்டு இறுக்குவார்களாம். ஆடுகோடி மைக்கோவின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முனையின் நிறத்தைப் பார்த்தே மாமா நோயைச் சொல்லிவிடுவார். "காதும் கண்ணும்தான் சார் அன்னிக்கு மீட்டர்."

அந்தச் சத்தம்தான் நாக்கிங். பொறியிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருமுன்பே, ஓரத்தில் கிடக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பது. டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால் அங்கே ஆபத்து கூடுதல். முற்றினால் பிஸ்டனே உடையும். இப்போது எஞ்சின் பிளாக்கில் முடுக்கிய நாக் சென்சர் அதிர்வை உணர, எஞ்சினின் கணினியான இசியூ பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்துகிறது. எஞ்சின் தப்பிக்கும், இழுவை குறையும். தாமதம் நீடித்தால் வெளியேறும் புகை சூடேறி டர்போவைப் பதம்பார்க்கும்.

ஊரே எத்தனாலைத் திட்டுகிறது, பட்டறைக்காரர் திட்டவில்லை. சாதா பெட்ரோலின் 91 ஆக்டேன் இ20இல் 95 ஆகியிருக்கிறது. அது நாக்கிங்கைத் தடுக்கவே செய்யும். ஆனால் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே காற்றுக்குக் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். பம்ப்போ இன்ஜெக்டரோ ஈடுகொடுக்காவிட்டால் கலவை மெலிந்து, நாக்கிங் திரும்பி வரும்.

பட்டறைக்கு வந்திருந்த ஒரு டர்போ வண்டியின் இசியூவில் லேப்டாப் வழியாக அவர் மாற்றிய அட்டவணைகள் எனக்குப் பிடிபடவில்லை. ஊரைத் தாண்டி வண்டியை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியது என்று பதிவு (லாக்) எடுத்தது மட்டும் புரிந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் தனித்துப் பின்வாங்கியது. பட்டறைக்குத் திரும்பியதும் லேப்டாப்பை மூடிவிட்டு அந்த பிளக்கைக் கழற்றினார். மாமாவைப் போலவே முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

இப்படி இசியூ அட்டவணைகளை மாற்றும் ரீமேப் தொழிலில் காசு பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். வெளிநாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய இசியூ ஃபைலை வாங்கி, எங்கே பெட்ரோல் போடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் ஏற்றிவிட்டுப் பணத்தை எண்ணும் தரகர்கள். எஞ்சின் தட்டத் தொடங்கினால் வண்டி இவரிடம் வரும். நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தவர் கூலி கேட்டால், "பட்டனைத் தட்டினதுக்கா இவ்வளவு?" என்பார்கள். முகம் தெரியாத ஃபைலுக்கு வாரி இறைப்பவர்கள், எதிரே நிற்கும் கைக்குப் பேரம் பேசுகிறார்கள். கைத்தொழில் எதுவானாலும் நம் ஊரில் இதே கணக்குதான்.

டர்போ வண்டியை ரீமேப் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரண்டி போகக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வழக்கமாகப் போடும் பெட்ரோலோடு போங்கள். ஓட்டிப் பார்த்து எடுத்த லாக்கைக் கேட்டு வாங்குங்கள். காட்டாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள். காட்டுகிறவரிடம் பேரம் பேசாதீர்கள்.